ஆயுள்வேத நோக்கும் நம் கடமையும்

நோயற்ற வாழ்வை விரும்பாதார் உலகத்தில் ஒருவரும் இலர். ஆயின், நோய் என்பது யாது, அஃது எங்ஙனம் வருகின்றது, எங்ஙனம் நீங்குகின்றது என்று அமைதியாக இருந்து எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. உடம்பு நலமாயிருக்குங் காலத்தில் நாம் அதனை நினைப்பதில்லை. நலங் குன்றிய காலத்திலோ நினைப்பதற்கு வேண்டிய அமைதி இருப்பதில்லை. விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதுமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபோது, விடுதி வாழ்வின் இனிய நினைவுகளை எழுதலாமென்றே முதலில் எண்ணினோம். பின்னர், எம் வகுப்புத் தோழருட் பலர் இன்று சலரோகத்துக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மூட்டு வாதத்துக்கோ மருந்து உண்பவர்கள் என்பதும், நாங்கள் ஒன்றுகூடும் இடங்களில் ஆசிரியர்களைப் பற்றிய பேச்சுக் குறைந்து மருந்துகளைப் பற்றிய பேச்சே மிகுந்து வருகின்றது என்பதும் நினைவுக்கு வந்தன. ஆதலின், அப்பேச்சையே சற்று ஒழுங்குபடுத்தி எழுதத் துணிந்தோம்.

திருகோணமலையிலிருந்து கண்டி வீதி வழியாகச் செல்பவர்கள் கப்பல்துறையை அறிவார்கள். பெயர் கடலை நினைப்பூட்டினாலும், வழிப்போக்கர் கண்ணுக்கு முதலிற் படுவன காடும் வெயிலும் செம்மண்ணுமே. அவ்வூரிலே ஆயுள்வேத வைத்தியசாலை ஒன்று உண்டு. அண்மையில் எம் பழைய நண்பர் ஒருவருக்குத் துணையாக அங்கே சென்றிருந்தோம். அவரைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம். காத்திருந்த நேரத்தில் அயலில் அமர்ந்திருந்த இருவரது உரையாடல் எம் காதில் விழுந்தது. முதியவர் ஒருவர், மேல்நாட்டு மருந்துகள் யாவும் நஞ்சு. ஒரு நோயை அடக்கி ஒன்பது நோயை எழுப்புவன என்றார். அவரை அழைத்து வந்த மகன், தந்தைமேல் உள்ள மதிப்பினாலேயே தான் அங்கே வந்திருப்பதாகவும், தன்னளவில் இப்பொடிகளிலும் எண்ணெய்களிலும் சிறிதும் நம்பிக்கை இல்லை என்றும் கூறினார். இருவரும் அன்புடையவர்கள், இருவரும் ஒரே சோற்றை உண்பவர்கள். ஆயினும், உடம்பைப் பற்றி ஒருவர் நம்புவதை மற்றவர் நம்பவில்லை. இன்று நம் சமூகத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் இப்பிளவு உண்டு. இவ்விரு கூற்றும் குறையுடையன என்பதே எமது கருத்து.

முதற்கண் ஆயுள்வேதம் நோயை எவ்வாறு நோக்குகின்றது என்று பார்ப்போம். ஆயுள் என்னும் சொல் உயிர் வாழும் காலத்தையும், வேதம் என்னும் சொல் அறிவையும் குறிப்பன. ஆதலின், நோயைப் பற்றிய நூல் என்று அதற்குப் பெயர் அமையவில்லை; வாழ்வைப் பற்றிய அறிவு என்றே பெயர் அமைந்தது. சரகர், சுசுருதர், வாக்படர் ஆகிய மூவர் பெயரால் வழங்கும் நூல்கள் அதற்கு அடிப்படையாவன. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் தத்தம் அளவில் நிற்பது நலம்; அளவு திரிவது நோய் என்பது அவற்றின் முதற்கொள்கை. தமிழ் மருத்துவ நூலார் இவற்றை வளி, அழல், ஐயம் என்பர். வாதம் என்பது வெறுங் காற்றன்று. இயக்கம் யாவற்றுக்கும் இட்ட பெயர். பித்தம் வெம்மைக்கும் செரித்தலுக்கும், கபம் குளிர்ச்சிக்கும் கட்டமைவுக்கும் இட்ட பெயர்கள். உண்ட உணவு வயிற்றுத் தீயினாலே பக்குவப்பட்டு இரசம், இரத்தம், மாமிசம், மேதசு, அத்தி, மச்சை, சுக்கிலம் என்னும் எழுவகைத் தாதுக்களாக முறையே மாறுகின்றது என்றும், அத்தீ மந்தமாயின் இவ்வொழுங்கு முழுவதும் கெடும் என்றும் அந்நூல்கள் கூறும்.

நோய் வருவதற்குச் சரகர் கூறும் காரணங்கள் மூன்று. புலன்களை அளவுக்கு மிஞ்சியோ, குறைந்தோ, தவறாகவோ பயன்படுத்தல் ஒன்று. காலத்தின் மாறுபாடு மற்றொன்று. அறிவின் குற்றம் மூன்றாவது. இம்மூன்றாவதற்குப் பிரஞ்ஞாபராதம் என்று பெயர். நன்மை இன்னது, தீமை இன்னது என்று அறிந்திருந்தும் தீமையைச் செய்தலே அது. சலரோகம் உண்டென்று அறிந்த பின்னரும் கலியாண வீட்டில் மூன்றாவது முறையாகப் பாயசம் கேட்கும் அன்பர்கள் எல்லாரும் இச்சொல்லுக்குப் பொருளாவார்கள். எம்மையும் அவர்களோடு சேர்த்தே கூறுகின்றோம். நோயாளி செய்யும் தவற்றை நோயின் காரணங்களுள் ஒன்றாக வைத்து, அதற்கு ஒரு பெயரும் இட்டு, அவனைக் குற்றவாளியாக்காமல் அவனுக்கு அறிவு கொளுத்த முற்பட்டமை இம்மருத்துவத்தின் சிறப்புக்களுள் ஒன்றாகும்.

நோய் ஒரே நாளில் வருவதன்று என்பது சுசுருதர் நூலின் துணிவு. சேர்தல், பொங்குதல், பரவுதல், ஓரிடத்திற் பற்றுதல், வெளிப்படுதல், வேறுபடுதல் என்னும் ஆறு நிலைகளை அந்நூல் வகுத்துள்ளது. நோய் என்று நாம் கண்டு அஞ்சுவது ஐந்தாம் நிலை. அதற்கு முன் நான்கு நிலைகள் கழிந்து விடுகின்றன. அந்நான்கு நிலைகளிலும் மருத்துவனுக்கு வேலை உண்டு. ஆயின், அப்பொழுது வேண்டப்படுவது பெரும்பாலும் மருந்தன்று, உணவும் உறக்கமும் ஒழுக்கமுமே. திருவள்ளுவர் மருந்து என்று பெயரிட்ட 95ஆம் அதிகாரத்தில் மருந்துப் பொருள் ஒன்றன் பெயரையேனும் கூறாது, பெரும்பான்மைக் குறள்களைப் பசியறிந்து அளவறிந்து உண்பதற்கே ஒதுக்கியமையும் இங்கே நினைக்கத் தக்கது. நோயாளி, மருத்துவன், மருந்து, பணிவிடை செய்பவன் என்னும் நான்கு உறுப்புக்களும் கூடியதே மருத்துவம் என்று அவ்வதிகாரத்தின் இறுதியில் அவர் வகுத்ததையே சரகரும் நான்கு பாதங்கள் என்று வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு குணங்களாகப் பதினாறு குணங்கள் கூறியுள்ளார். பணிவிடை செய்பவனுக்கு அவர் வேண்டும் குணங்களுள் அன்பும் தூய்மையும் இடம்பெறுகின்றன. நோயாளிக்கு வேண்டும் குணங்களுள் தன் நோயை எடுத்துச் சொல்லும் ஆற்றலும் ஒன்று. சொல்லும் ஆற்றல் நோயாளிக்கு வேண்டுமாயின், கேட்கும் பொறுமை மருத்துவனுக்கு வேண்டும் என்பது சொல்லாமலே அமையும்.

நம் பாட்டிமார் காலத்துப் பரிகாரியார் அப்பொறுமையை உடையவராயிருந்தார். அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நாடி பார்ப்பதற்கு முன்னர், முதல்நாள் இரவு என்ன உண்டாய், எந்நேரம் உறங்கினாய், வீட்டில் யாரோடேனும் சண்டையா என்றெல்லாம் வினவுவார். குடிநீருக்குரிய சரக்குக்களை எழுதித் தருவதோடு, இன்ன நாள்வரை புளி ஆகாது, இன்ன கறி ஆகாது என்று பத்தியமும் கூறுவார். பத்தியம் என்பது மருந்தின் வால் என்று நாம் எண்ணுகின்றோம். அவரோ பத்தியத்தின் வாலே மருந்து என்று எண்ணினார். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி, தடிமனுக்குக் கொத்தமல்லிக் குடிநீர், உளைவுக்கு வேது, சனிக்கிழமையில் நல்லெண்ணெய் முழுக்கு என்றிவ்வாறு அம்மருத்துவத்தின் பெரும்பகுதி நம் அடுக்களையிலும் கிணற்றடியிலுமே நடந்தது. அவர்தம் கையிலிருந்த ஏடுகளோ பெரும்பாலும் தமிழ் ஏடுகள். யாழ்ப்பாணத்து அரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்களும், சித்தர் பெயரால் வழங்கும் பாடல்களும் அவர்க்குப் பாடநூல்கள் ஆயின. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டம், சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றையும் ஆயுள்வேதம் என்னும் ஒரே பெயரில் அடக்கியது. சித்த வைத்தியம் தனக்கென்று மரபும் நூலும் உடையது. உலோகங்களையும் பாடாணங்களையும் பற்பமாகவும் செந்தூரமாகவும் ஆக்குவதில் தனித்துறை கண்டது. ஆயினும், நோயைப் பற்றிய அடிப்படை நோக்கில் இரண்டும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகளே. ஆதலின் இங்கே இரண்டையும் சேர்த்தே பேசுகின்றோம்.

இந்நோக்கிற் பிறிதொரு நயமும் உண்டு. மருந்து ஆளுக்கேற்பவும் நாட்டுக்கேற்பவும் காலத்துக்கேற்பவும் வேறுபட வேண்டும் என்பது அது. வறள் நிலம், நீர் நிலம், இரண்டும் கலந்த நிலம் என்று நிலத்தை மூன்றாக வகுத்து, ஒவ்வொன்றிலும் மிகும் நோய்கள் இன்ன என்றும் அந்நூலார் கூறினர். திருகோணமலையிலே ஆனி, ஆடி மாதங்களிற் கச்சான் காற்று வீசி உடம்பை உலர்த்தும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு மாரி இறங்கும். வடநாட்டுப் பெரும் பருவங்களைக் கண்டு எழுதப்பட்ட ஆறு பருவ ஒழுக்கத்தை இங்குள்ளார் எழுத்துக்கு எழுத்து அவ்வாறே கொள்ளின் அது பொருந்தாது. நூலின் கருத்தை நோக்கி இந்நிலத்துக்கு ஏற்ப மாற்றியே கொள்ளல் வேண்டும். நம் பரிகாரியார்கள் அவ்வாறே மாற்றினார்கள். மாறாத நூலென்று நாம் இன்று எதனைப் புகழ்கின்றோமோ, அதனை அவர்கள் மாற்றிக்கொண்டே வாழ்ந்தார்கள் என்பதை மறத்தலாகாது.

இவ்வளவும் கூறியபின், முன்னர்ச் சொல்வதாகக் கூறிய நண்பரைப் பற்றிச் சொல்வோம். அவர் விடுதியில் எம்மோடு ஓரறையில் இருந்தவர்; பௌதிகத்திலும் இரசாயனத்திலும் எமக்கு மேற்பட்ட புள்ளிகள் பெற்றவர்; பின்னர் ஆசிரியராகிப் பலருக்கு விஞ்ஞானம் கற்பித்தவர். நெடுநாட் சலரோகத்தினால் அவருக்கு இன்சுலின் ஊசி ஏற்றப்பட்டு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அவரைத் தேடிவந்து, 48 நாட்களில் நோயை வேரோடு களைவதாகக் கூறி ஒரு பொடியைக் கொடுத்தார். ஊசியை நிறுத்தினாலன்றிப் பொடி பலிக்காது என்பது அவரிட்ட நிபந்தனை. நண்பர் ஊசியை நிறுத்தினார். முதற் கிழமையில் உற்சாகமாகவே இருந்தார். மூன்றாங் கிழமையில் உள்ளங்காலில் இருந்த சிறு புண் கறுத்தது. நினைவிழந்த நிலையில் ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்லப்பட்டார். உயிர் மீண்டது; இடக்கால் முழந்தாளுக்குக் கீழ் மீளவில்லை. பொடி கொடுத்தவரை அதன்பின் ஒருவரும் காணவில்லை.

அவருடைய மனைவியார் அன்று முதல் நாட்டு மருந்து என்னும் சொல்லையே வீட்டில் கேட்க விரும்பவில்லை. ஆயினும் நண்பர் தோள் மூட்டு நோவுக்காக மீண்டும் ஓர் ஆயுள்வேத வைத்தியரிடம் சென்றார். அவ்வைத்தியர் எண்ணெய் பூசுவதற்கு முன்னர் அவருடைய இரத்தச் சர்க்கரைச் சீட்டைக் கேட்டார். ஊசியை ஒருநாளும் விடலாகாது என்று கையைப் பிடித்துச் சொன்னார். கால் புண்பட்டால் தம்மிடம் வரவேண்டாம், நேரே ஆசுபத்திரிக்குச் செல்க என்றும் சொன்னார். பதிவு பெற்ற வைத்தியரும் முகவரியற்ற பொடிக்காரரும் ஒரே மருத்துவத்தின் பெயரைச் சொல்பவர்களாகவே ஊரார் கண்ணுக்குத் தோன்றுகின்றனர். உண்மையில், சரகர் நூலின்படி நோக்கினும் அப்பொடிக்காரர் வைத்தியர் ஆகார். எளிதில் தீர்வன, அரிதில் தீர்வன, தீராவிடினும் பேணி வைக்கத் தக்கன, கைவிடத் தக்கன என்று நோய்களை வகுத்து அறியாதவன் மருத்துவத்தில் இறங்கலாகாது என்பது அந்நூலின் கட்டளை. பேணி வைக்கத் தக்க நோய்க்கு வேரறுப்பதாக வாக்குக் கொடுத்தவர், ஆயுள்வேதத்தின் பெயரால் ஆயுள்வேதத்துக்கே தீங்கிழைத்தவர் ஆவார்.

நண்பர் எம்மிடம் கூறிய சொற்கள் இன்னும் எம் நெஞ்சில் நிற்கின்றன. "பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை விடையை மட்டும் எழுதி வழியை எழுதாவிட்டால் நான் புள்ளி கொடுப்பதில்லை. அந்த மனிதரிடம் நான் வழியைக் கேட்கவில்லை, பாரும்" என்றார். அவர் தம் காலைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. தாம் கேளாதிருந்த கேள்வியைப் பற்றியே கூறினார். பொடிக்காரரைச் சினந்த எமக்கு அச்சொற்கள் நாணத்தையே தந்தன. ஏனெனில், 48 நாட்களில் நோய் நீங்கிவிடும் என்று அவர் எமக்குச் சொன்ன நாளில் யாமும் கேள்வி கேட்கவில்லை. நல்லதாயின் எமக்கும் சிறிது வாங்கி அனுப்பும் என்றே சொன்னோம்.

ஆதலின், நோக்கு வேறு, கூற்று வேறு என்று பிரித்தறிவதே நாம் செய்யத் தக்கது. உணவு, உறக்கம், ஒழுக்கம், மனம் ஆகியவற்றோடு சேர்த்து மனிதனை முழுமையாகக் காணவேண்டும் என்பது நோக்கு. அது வணங்கி ஏற்கத் தக்கது. மேல்நாட்டு வைத்தியரும் கற்கத் தக்கது. இன்ன வேர் இன்ன நோயைத் தீர்க்கும் என்பது கூற்று. கூற்று எவர் வாயிலிருந்து வரினும் சோதித்தே கொள்ளத் தக்கது. மூன்று தோடங்களையும் கிருமியைக் காண்பதுபோல் உருப்பெருக்குக் கண்ணாடியிற் காண இயலாது. அவை பல காட்சிகளை ஒழுங்குபடுத்தி நினைப்பதற்கு முன்னோர் அமைத்த ஏணி. ஏணி பயன்பட்டது என்பதற்காக அதன் வழி ஏறிய ஒவ்வொருவரும் உச்சியை அடைந்தார் என்று கொள்ளலாகாது.

இவ்வாறு கூறின் முன்னோரை அவமதிப்பதாகச் சிலர் வருந்துவர். முன்னோர் நூல்களை அவர்கள் திறந்து பார்த்தல் நன்று. சரகர் நூலில் மருத்துவர்கள் அவை கூடி வாதிடுகின்றனர். வாதத்துக்குரிய விதிகளும் அங்கே கூறப்படுகின்றன. பெரியோர் சொல்லோடு காட்சியையும் அனுமானத்தையும் யுக்தியையும் அளவைகளாக அந்நூல் கொள்கின்றது. உடம்பின் உள்ளுறுப்புக்களை அறியவேண்டின் பிணத்தை ஓடும் நீரில் ஏழு நாள் ஊறவைத்துப் படலம் படலமாக நீக்கிக் கண்ணாற் காணவேண்டும் என்று சுசுருதர் நூல் பணிக்கின்றது. அக்காலத்துச் சமய ஆசாரத்துக்கு அது எத்துணை மாறானது என்று எண்ணிப் பாருங்கள். சோதனைக்கு அஞ்சியவர்கள் அவ்வாறு எழுதியிருக்க மாட்டார்கள்.

சோதித்தவிடத்துச் சில பழைய கூற்றுக்கள் பொன்னாகவே நின்றன. மனக் கலக்கத்துக்கும் உறக்கமின்மைக்கும் நெடுங்காலம் வழங்கிவந்த சர்ப்பகந்தா என்னும் வேரை, பம்பாயைச் சேர்ந்த இருதய வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் இரத்த அழுத்த நோயாளருக்குக் கொடுத்துக் கண்ட பயனை 1949இல் பிரித்தானிய ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார். 1952இல் அவ்வேரிலிருந்து ரெசர்ப்பின் என்னும் சத்துப் பிரித்தெடுக்கப்பட்டு உலகெங்கும் மருந்தாயிற்று. பவுந்திர நோய்க்குக் கள்ளிப்பாலும் நாயுருவிச் சாம்பற் காரமும் மஞ்சளும் ஏற்றிய காரநூலைக் கட்டும் பழைய முறையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறுவை முறையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, 1991இல் முடிவை வெளியிட்டது. நூல் கட்டியவர்க்குப் புண் ஆற ஏறக்குறைய 8 கிழமையும், அறுவை செய்தவர்க்கு 4 கிழமையும் சென்றன. ஆயின், ஓராண்டிற்குள் நோய் மீண்டும் வந்தவர் நூல் கட்டியோரில் நூற்றுக்கு 4 பேர், அறுவை செய்தோரில் நூற்றுக்கு 11 பேர். இவ்வாறு இரு முறைகளின் நன்மையையும் குறையையும் ஒருங்கே கூறுவதன்றோ நேர்மையான பேச்சு! நம் நாட்டிலும் சிங்கள மக்கள் கொத்தல இம்புட்டு என்று வழங்கும் பொன்கொறண்டியைத் தேநீராக்கி, 51 சலரோகிகளுக்குக் கொடுத்து நிகழ்த்திய ஆய்வு 2005இல் வெளியாயிற்று. எது மருந்துத் தேநீர், எது வெறுந் தேநீர் என்று அருந்துவோரும் கொடுப்போரும் அறியாவண்ணம் அமைந்த அவ்வாய்வில் இரத்தச் சர்க்கரை அளவு சிறிதே எனினும் குறைந்தமை காணப்பட்டது. சிறிது என்பதே செய்தி. அது துணை மருந்து, ஊசிக்கு மாற்றன்று.

சீனத்திலும் இதுவே நிகழ்ந்தது. மலேரியாவுக்கு மருந்து தேடிய தூ யூயூ அம்மையார், 4ஆம் நூற்றாண்டினராகிய கே ஹொங் எழுதிய பழைய மருத்துவ நூலைப் பார்த்தார். மூலிகையைக் காய்ச்சாமல் நீரில் ஊறவைத்துப் பிழிந்து பருகுமாறு அந்நூல் கூறியதைக் கண்டு, வெப்பத்தினாற் சத்து அழிகின்றதோ என்று ஐயுற்றார். குறைந்த வெப்பத்திற் பிரித்தெடுத்தார். 2015இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. பழைய நூலில் ஒரு வரியை அவர் கவனமாகப் படித்தார், படித்ததைச் சோதித்தார். வெறுமனே போற்றியிருந்தாலும், வெறுமனே இகழ்ந்திருந்தாலும் அம்மருந்து நமக்குக் கிட்டியிராது.

சோதியாதவிடத்து நேர்ந்த கேடுகளையும் மறைத்தலாகாது. 2004இல் அமெரிக்காவின் பொஸ்தன் நகர்ப்புறக் கடைகளில் வாங்கப்பெற்ற 70 ஆயுள்வேத மருந்துகளை ஆராய்ந்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ காணப்பட்டது. முறைப்படி புடமிட்டால் நஞ்சு நீங்கும் என்பர் நம்மவர். நீங்கியதா என்பதை அளந்து காட்டுவது மருந்து செய்வோரின் கடமையேயன்றி உண்பவரின் கடமையன்று. ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் நம் ஏடுகளிற் புகழப்படுவன. அவ்வினத்துச் செடிகளிலுள்ள ஒருவகை அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதும் புற்றுநோயை விளைக்கும் என்பதும், பெல்சியத்தில் 1990களின் தொடக்கத்தில் பலர் மெலிவதற்கு உண்ட மருந்தில் அவ்வினச் செடி தவறிக் கலந்தபின்னர் நன்கு வெளியாயின. மரபில் வந்தது என்பது ஒன்றே ஒரு பொருளைத் தீங்கற்றதாக்காது. நம் வயல்களிற் புடையனோ நாகமோ தீண்டியவருக்கு நஞ்சுமுறி ஊசி ஏற்றுவதற்குரிய முதல் மணி நேரங்களைக் கல்வைத்தும் வேரரைத்தும் கழிப்பது இனி ஒருபோதும் தகாது. 2020 டிசம்பரில், கொள்ளைநோய் பரவிய காலத்தில், கேகாலையில் ஒருவர் தெய்வ அருளாற் பெற்றதாகக் கூறிய பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் நெருங்கி நின்றனர். அதனை யாவரும் காணப் பருகிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதத்தில் அந்நோய் கண்டது. அவ்வரிசையில் நின்றவரை யாம் எள்ளவில்லை. அச்சம் கொண்டவன் கையில் எவர் எதைக் கொடுத்தாலும் வாங்குவான். ஆதலினாலேதான் கொடுப்பவனுக்குப் பொறுப்பு மிகுகின்றது.

மேல்நாட்டு மருத்துவம் குறையற்றதா என்று வினவுவார்க்கும் விடை கூற வேண்டும். அது குறையற்றதன்று. அதன் மருந்துகளும் தீங்கு செய்தன; செய்யுமிடத்துப் பல திரும்பப் பெறப்பட்டன. திரும்பப் பெறும் அவ்வழக்கமே அதன் வலிமை. அதன் பெருங்குறையோ வேறு. நெரிசல் மிக்க வெளிநோயாளர் பிரிவில் வைத்தியர் ஒருவர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கக்கூடியது சில நிமிடங்களே. அந்நிமிடங்களிற் சீட்டைப் பார்க்கலாம். முகத்தைப் பார்ப்பது அரிது. கப்பல்துறைக்கு மக்கள் செல்வதன் காரணம் மூலிகையின்மேல் வைத்த நம்பிக்கை மட்டுமன்று. அங்கே தம்மை அமரச் செய்து கேட்பார்கள் என்னும் எதிர்பார்ப்புமாகும். நோயாளியை முழு மனிதனாகக் காணும் வேலையை ஆசுபத்திரி செய்யத் தவறுமாயின், அவ்விடத்தைப் பொடிக்காரர் வந்து நிரப்புவார். ஆதலின், எம் நண்பரின் காலுக்கு நேர்ந்ததில் ஒரு பங்கு அப்பொறுமையின்மைக்கும் உண்டு என்றே யாம் கருதுகின்றோம்.

இனி, படித்தவர்களாகிய நாம் செய்யத் தக்கன யாவை? பெரிய திட்டங்களை யாம் கூற வரவில்லை. முதலாவது, வீட்டு மூலைகளிலும் கோயிற் பெட்டகங்களிலும் இன்னும் எஞ்சியுள்ள மருத்துவ ஏடுகளைத் தேடிப் படமெடுத்து வைத்தல். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஓலைச் சுவடிகளும் சாம்பலாயின. போரினாலும் 2004இன் ஆழிப் பேரலையினாலும் ஊர்விட்டு ஓடியவர்கள் குழந்தைகளைக் காவிச் சென்றார்களேயன்றி ஏடுகளைக் காவிச் செல்ல இயலவில்லை. மந்திரம்போல் மறைத்து வைத்த கைமுறைகள் மறைத்தவரோடே மறைகின்றன. ஒரு பரிகாரியாரின் பேரன் தன் பாட்டனாரின் ஏட்டை வெளியிடுவதால் குடும்பத்துக்கு இழுக்கில்லை, பெருமையே உண்டு.

இரண்டாவது, மூலிகைகளைப் பேணுதல். கடுக்காயும் தான்றியும் நெல்லியும் நம் காடுகளிலே வளர்வன. தூதுவளையும் ஆடாதோடையும் முடக்கொத்தானும் வேலியோரத்திலே வளர்ந்தன. வேலிகள் மதில்களானபோது அவற்றுக்கு இடமில்லாமற் போயிற்று. கல்லூரி வளவு ஒவ்வொன்றிலும் சிறு மூலிகைத் தோட்டம் அமைத்து, பெயர்ப்பலகையில் தமிழ்ப் பெயரோடு தாவரவியற் பெயரையும் எழுதி வைப்போமாயின், ஒரு செடிக்கு மறுசெடி மாறும் பிழை அடுத்த தலைமுறைக்கேனும் குறையும்.

மூன்றாவது, ஆய்வுக்குத் துணை நிற்றல். கொழும்பிலே சுதேச வைத்தியக் கல்லூரி 1929இல் தொடங்கப்பெற்றது. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், நம் ஊருக்கு அண்மையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த வைத்தியம் தமிழ் மாணவர்க்குப் பயிற்றப்படுகின்றது. அங்கே கற்று வெளிவரும் இளைஞர்கள் நாடியும் அறிவர், நுணுக்குக்காட்டியும் அறிவர். அவர்களை நாம் மருத்துவக் கல்லூரிக்கு இடம் கிடையாதவர்கள் என்று நோக்குதல் பெருந்தவறு. நோயாளி வந்த நாள், கண்ட குறி, கொடுத்த மருந்து, பயன் உண்டா இல்லையா என்னும் நான்கையும் ஒழுங்காகப் பதிந்து வைத்தலே அவர்கள் செய்யத்தக்க முதல் ஆய்வு. பயன் இல்லை என்று எழுதும் துணிவு, பயன் உண்டு என்று எழுதும் மகிழ்ச்சியினும் பெரிது.

நான்காவது நம் ஒவ்வொருவருக்கும் உரியது. எம்மருந்தாயினும் அதில் என்ன இருக்கின்றது, கொடுப்பவர் பதிவு பெற்றவரா, உண்ணும் பிற மருந்தோடு அஃது ஒக்குமா என்று கேட்டல் வேண்டும். ஆசுபத்திரி வைத்தியரிடம் நாட்டு மருந்தையும், ஆயுள்வேத வைத்தியரிடம் ஆசுபத்திரி மருந்தையும் மறையாது சொல்லல் வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரின் மருந்தை உண்பது இரு படகிற் கால் வைப்பதாகும். முக்கியமாக, உள்ள மருந்தை நிறுத்து என்பவரைக் கண்டால் எழுந்து வந்துவிடல் வேண்டும்.

மிகிந்தலை மலையடிவாரத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பழைய வைத்தியசாலையின் இடிபாடுகளிடையே, மனித உடம்பு கிடக்குமாறு குடைந்த கற்றொட்டி ஒன்று இன்றும் கிடக்கின்றது. நோயாளியை மருந்து நீரிலோ எண்ணெயிலோ கிடத்துவதற்கு அமைந்தது அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இந்நாட்டார் நோயாளிக்கென்று இடமும் தொட்டியும் பணியாளரும் அமைத்திருந்தனர் என்பதை எண்ணும்போது உள்ளம் பூரிக்கின்றது. அத்தொட்டியில் இட்ட எண்ணெய் இன்னதென்று இன்று எவர்க்குந் தெரியாது. எழுதி வையாததும், எழுதியதைக் காவாததும், காத்ததைச் சோதியாததும் இவ்வாறே முடியும்.

கப்பல்துறையிலிருந்து மீளும்போது எம் நண்பர் பேருந்தில் ஏறுவதற்கு எம் தோளைப் பற்றினார். மடியில் எண்ணெய்ப் போத்தல். சட்டைப் பையில் ஊசிக்குரிய சீட்டு. இரண்டையும் அவர் ஒருவாறு ஒத்துப் போகச் செய்துவிட்டார். காலை இழந்து அவர் கற்ற பாடத்தை, காலோடு இருக்கும் நாம் கற்றுக்கொள்வோமாக.